உட்கார்ந்தபடியே பேரரசைக் கவிழ்ப்பவர்

பூமியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி அண்டவெளியை விடுதலை செய்கிறவர் என்றொரு இனம் இருக்கிறது. சமீபத்தில் தோன்றிய இனம். இன்னும் யாரும் முறையாக வகைப்படுத்தவில்லை. முன்பெல்லாம் புரட்சிக்காரரை அடையாளம் காண்பது சுலபமாக இருந்தது. தாடி இருக்கும், சட்டை கசங்கியிருக்கும், பேச்சின் நடுவே மேசையைத் தட்டுவார், தேநீருக்கு நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும். இவரிடம் அந்தத் தொந்தரவு எதுவும் கிடையாது. மழித்த முகம், தேய்த்த சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, நடைபாதையில் எதிரே யார் வந்தாலும் சுவரோடு ஒட்டி வழிவிடும் பணிவு. இவரா பேரரசரின் தலைநகரக் கோளைப் பொடிப்பொடியாக்கியவர்? இவரேதான். நேற்று மாலைதான் பொடியாக்கினார். பிறகு பாத்திரம் துலக்கினார்.

இவர் எழுதுவது ரசிகர் கதை. விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடலாம். யாரோ எடுத்த ஒரு தொலைக்காட்சித் தொடர் இருக்கிறது. யாரோ வரைந்த ஒரு சித்திரக் கதை இருக்கிறது. முன்னதில், விண்வெளியில் சுரங்கக் கப்பலொன்றில் அடிமை வேலை பார்க்கும் கூட்டம். பின்னதில், கொடுங்கோல் ராணியிடமிருந்து தப்பித்து ஓடும் வாள்வீரர்கள். இரண்டுக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. நம் ஆள் என்ன செய்வார் என்றால், இந்த இரண்டு வீட்டு ஆட்களையும் மூட்டை முடிச்சோடு கிளப்பி, இரண்டிலும் இல்லாத மூன்றாவதொரு அண்டத்தில் கொண்டுபோய்க் குடிவைப்பார். அந்த அண்டத்தில் பேரரசு ஒருநாளும் வீழ்ந்ததில்லை, எழுந்தவர்கள் எல்லோரும் தோற்றிருக்கிறார்கள், இந்தக் கூட்டம்தான் முதன்முதலாக அதை அசைக்கப்போகிறது. வாள்வீரன் ஒருவன் ராக்கெட் ஓட்டக் கற்றுக்கொள்வான். சுரங்கத் தொழிலாளி ஒருத்தி அவனுக்குக் கற்றுக்கொடுப்பாள். சொந்தமாக ஓர் உலகத்தைப் படைக்கச் சோம்பல். அடுத்தவர் படைத்ததை அப்படியே விட்டுவைக்கவும் மனமில்லை. இப்படி உருவானதை வாரம் ஓர் அத்தியாயமாக இணையத்தில் ஏற்றுவார். கீழே கருத்துகள் குவியும். கண்ணீர் வந்துவிட்டது தோழர் என்பார் ஒருவர். ரத்தம் கொதிக்கிறது என்பார் இன்னொருவர். கொதித்த ரத்தம் பிறகு எங்கே போகிறது? அதை யாரும் எழுதுவதில்லை. அடுத்த வாரத்துக்குள் ஆறிவிடும் போலிருக்கிறது.

கற்பனை செய்வது குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. கற்பனையே இல்லாத மனிதனோடு ஒரு மணி நேரம் ரயிலில் போய்ப் பாருங்கள், தெரியும். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு காரியத்தை மனத்துக்குள் விலாவாரியாகச் செய்து முடித்தவனுக்கு, அதே காரியம் வெளியே, வெயிலில், எதிரே வந்து நிற்கும்போது, அது ஏற்கெனவே முடிந்துபோன வேலையாகத் தெரிகிறது. குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வருகிறவனைப் பார்த்து மறுபடி குளி என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் இவருக்கும். வீரம் எல்லாம் முடிந்து, ஈரம் காய்ந்து, பவுடர் போட்டுக்கொண்டுதான் அலுவலகத்துக்கு வருகிறார்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் புகார் அறை. ஜன்னல் இல்லாத சின்ன அறை. இரண்டு மேசை, இரண்டு ஹெட்போன், சுவரில் ஊர் வரைபடம், அதில் லிஃப்ட் இருக்கிற கட்டடங்களுக்கெல்லாம் வண்ண ஊசி. எங்காவது லிஃப்ட் நின்றால் போன் இங்கே வரும். எடுத்து, விவரம் கேட்டு, பதற்றப்படுகிறவரைச் சமாதானப்படுத்தி, அருகிலிருக்கும் மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். அந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் இருப்பவர் நம் ஆள். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'சரிங்க'. மேனேஜர் எதைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள், அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்துவிடும் என்பதால் வந்த பெயர். மேனேஜர் தும்மினால்கூடச் சொல்லியிருக்கிறார் என்று மெக்கானிக்குகள் சத்தியம் செய்வார்கள். ஆனால் இணையத்தில் அவர் பெயர் 'தீநாக்கு'. பேரரசை நக்கிச் சாம்பலாக்குகிற நாக்கு என்று அவரே ஒரு விளக்கமும் போட்டு வைத்திருக்கிறார்.

இந்த இரண்டு பெயர்களும் ஒரே ஆள் என்பது தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான்: மனைவி. பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறவர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் விளக்கு அடித்துப் பார்ப்பதாலோ என்னவோ, யாருடைய பேச்சையும் அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டார்.

இவர்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மேலே மாடிவீட்டுக்காரர் ஒருவர். வாசல் கதவுக்குக் குறுக்கே தன் பைக்கை நிறுத்துவது அவர் பழக்கம். காலையில் சரிங்க வெளியே கிளம்பும்போது, பையைத் தலைக்கு மேலே தூக்கி, வயிற்றை உள்ளே இழுத்து, பைக்குக்கும் சுவருக்கும் இடையில் பக்கவாட்டில் நகர்ந்து தெருவை அடைவார். பேன்ட்டில் தினமும் கிரீஸ் கறை. ஒருநாள் அந்தக் கறையைத் தேய்த்தபடி மனைவி சொன்னார்: "உங்க பேரரசரைக் கவுக்கறது இருக்கட்டும். அதுக்கு முன்னாடி மாடியில ஏறி அந்த பைக்கை ஒரு அடி தள்ளி நிறுத்தச் சொல்லுங்களேன்."

"பேசிக்கலாம்மா. நேரம் பாத்துப் பேசணும்."

"பல்லைப் பிடுங்கிக்க வர்றவங்ககூட என் எதிர்ல வாயைத் தொறந்துடறாங்க. உங்க வாயைத்தான் தொறக்க முடியல."

அவர் போய் உட்கார்ந்து எழுதினார். அந்த வாரத்து அத்தியாயத்தில், விண்வெளி நுழைவாயிலுக்குக் குறுக்கே பேரரசின் போர்க்கப்பல் ஒன்று அலட்சியமாக நின்றிருந்தது. தளபதி மாடியில், அதாவது மேல்தளத்தில், தூங்கிக்கொண்டிருந்தான். கலகக்காரர்கள் அந்தக் கப்பலை நடுவில் இரண்டாகப் பிளந்தார்கள். பிளந்த விதம் பத்துப் பத்தி. வாசகர்கள் ஆர்ப்பரித்தார்கள். சரிங்க நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் காலை பையைத் தலைக்கு மேலே தூக்கி, வயிற்றை உள்ளே இழுத்து, பக்கவாட்டில் நகர்ந்து வேலைக்குப் போனார். முகத்தில் வெற்றிக் களை.

புகார் அறையின் இரண்டாவது நாற்காலியில் ஒரு பெண். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. இவரை அண்ணா என்று கூப்பிடுவாள். குரலில் ஒரு நிதானம்; லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், உங்க கையில என்ன பை இருக்கு, உள்ள என்ன வாங்கிட்டு வந்தீங்க என்று கேட்டுக் கேட்டு, மெக்கானிக் போய்ச் சேரும்வரை கதை பேசி வைத்திருப்பாள். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் எதையோ படிப்பாள். சோறு காய்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் சரிங்க எட்டிப் பார்த்தார். பார்த்தவருக்குப் புரையேறிவிட்டது. அவள் படித்துக்கொண்டிருந்தது தீநாக்கு.

தண்ணீர் குடித்துவிட்டு, எதுவும் தெரியாதவர்போல, என்ன படிக்கிறீங்க என்று கேட்டார்.

"ஒரு தொடர்கதைண்ணா. உங்களுக்குப் பிடிக்காது," என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். "முழுக்கக் கலகக்காரங்க."

இதில் அவருக்குக் கோபம் வந்ததா? இல்லை. ஆனந்தம். தான் யாரென்று தெரியாமல் ஒருத்தி தன் பக்கத்திலேயே உட்கார்ந்து தனக்காக உருகுவதைப்போல இனிப்பான விஷயம் எழுதுகிறவனுக்கு வேறு கிடையாது. அவர் மூச்சு விடவில்லை. அன்று முதல் மதிய வேளைகளில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். எந்த இடத்தில் புருவம் சுருங்குகிறது, எந்த இடத்தில் உதடு துடிக்கிறது என்று கவனித்துக்கொண்டார். அத்தியாயங்களின் கீழே நீளநீளமாகக் கருத்து எழுதுகிற 'மாலைப்புறா' என்பவள் அவள்தான் என்பதையும் கண்டுபிடித்துவிட்டார்.

மாலைப்புறாவுக்கு மிகவும் பிடித்தது ஒரு காட்சி. அதை இங்கே சொல்லியாக வேண்டும். சுரங்கக் கப்பலில் அடிமைகள் ஒவ்வொருவர் கழுத்திலும் எண் பொறித்த இரும்பு வில்லை தொங்கும். கப்பல் கண்காணிப்பாளன் செய்த தவறு ஒன்றுக்காக ஒரு கிழவன் மீது பழி விழுகிறது. அவனைக் காற்றில்லாத வெளியில் தள்ளப்போகிறார்கள். அப்போது கூட்டத்தில் ஒருத்தி எழுந்து, தன் வில்லையைக் கழற்றி மேசைமீது வைத்து, "அவன் எண்ணோடு என் எண்ணையும் சேர்," என்கிறாள். ஒரு கணம் மௌனம். பிறகு இன்னொருவன் எழுகிறான். பிறகு இன்னொருத்தி. மேசைமீது இரும்பு விழும் ஓசை. கடைசியில் மேசையே தெரியாத அளவுக்கு வில்லைகள். எல்லோரையும் தள்ளினால் சுரங்கத்தைத் தோண்ட யார் இருக்கிறார்கள்? கிழவன் பிழைக்கிறான். அந்த அத்தியாயத்தைப் பலபேர் பலமுறை படித்தார்கள். மாலைப்புறா எழுதியிருந்தாள்: மனுஷங்க இப்படித்தான் இருக்கணும். இதைப் படிச்சப்புறம் நானும் இப்படித்தான் இருப்பேன்.

எழுதியவர் அந்தக் கருத்துக்கு ஒரு சிவப்பு இதயம் போட்டார்.

அப்புறம் அந்த லிஃப்ட் நின்றது.

பழைய அடுக்குமாடி ஒன்றில், இரண்டு மாடிகளுக்கு நடுவே. உள்ளே மூச்சிரைப்பு உள்ள பள்ளி ஆசிரியை ஒருவர். போனை எடுத்தவள் இரண்டாவது நாற்காலிப் பெண். அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்கை உடனே அனுப்பினாள். மெக்கானிக் பல வருஷ அனுபவஸ்தர், குறைவாகப் பேசுகிறவர், எப்போதும் சட்டைப் பையில் ஒரு டெஸ்டர். அவர் பாதி வழியில் புகார் அறைக்குக் கூப்பிட்டு, கட்டடத்துக்குள் நுழைய எந்த வாசல் என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் அறைக்குள் வந்தார். எட்டி ஸ்பீக்கரை அழுத்தினார். முதலாளியின் மச்சான் வீட்டு லிஃப்டில் விளக்கு எரியவில்லையாம், முதலில் அங்கே போகச் சொன்னார்.

"சார், இங்க உள்ள ஆள் இருக்காங்க," என்றது ஸ்பீக்கர்.

"ஆள் எங்கயும் போயிடமாட்டாங்க. நீ முதல்ல பல்பை மாத்து," என்றார் மேனேஜர். சொல்லிவிட்டு வழக்கம்போல இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். இடப்பக்கத்திலிருந்து "சரிங்க சார்" வந்தது.

பல்ப் மாற்றப்பட்டது. ஆசிரியை மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார் என்றாலும் ஆஸ்பத்திரி, போலீஸ், கட்டடத்துக்காரர்களின் கூச்சல் என்று விஷயம் பெரிதானது; பழி மெக்கானிக் பக்கம் திரும்பியது. வெளியிலிருந்து வருகிற போன்களெல்லாம் பதிவாகும். மெக்கானிக்குகள் கூப்பிடும் லைன் மட்டும் பதிவாகாது. ஆகவே அந்தப் பேச்சு மூன்று பேர் காதில் மட்டும் இருந்தது, சொன்னவரைத் தவிர: மெக்கானிக், இரண்டாவது நாற்காலிப் பெண், சரிங்க.

சரிங்க அந்த வாரம் ஒரு ஆவேசமான அத்தியாயம் எழுதினார். அதில் பேரரசரின் மச்சானுடைய மாளிகையில் விளக்கு எரியவேண்டும் என்பதற்காக ஒரு முழுக் கோளின் காற்று நிறுத்தப்படுகிறது. அனல் பறந்தது. எழுதி முடித்ததும் அவருக்கு மெக்கானிக்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட மாதிரி இருந்தது. மறுநாள் நடைபாதையில் மெக்கானிக் எதிரே வந்தபோது, கண்ணால் ஒரு ஆறுதல் சொல்லிவிட்டு, சுவரோடு ஒட்டி வழிவிட்டார்.

விசாரணைக் கூட்டம் வந்தது. நீளமான மேசை. மேனேஜர், அலுவலகத்தில் ஓர் ஆறேழு பேர், ஓரத்தில் மெக்கானிக். முதலாளி எங்கோ இருந்து, சுவரில் மாட்டிய திரையில் தலையாக மட்டும் வந்திருந்தார். மெக்கானிக் கடமை தவறினார், அவசர அழைப்பை விட்டுவிட்டுத் தன்னிஷ்டத்துக்கு வேறிடம் போனார், ஆகவே வேலையிலிருந்து நீக்கம், மேற்கொண்டு போலீஸ் வழக்கையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டியது என்று மேனேஜர் சொன்னார். குரலில் மெக்கானிக்குக்காக வருத்தப்படுகிற பாவனைகூட இருந்தது.

மெக்கானிக் மேசையைப் பார்த்தபடி, "நீங்கதான சார் சொன்னீங்க, ஆள் எங்கயும் போயிடமாட்டாங்கன்னு," என்றார்.

"நானா?" என்றார் மேனேஜர். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை அவ்வளவு மென்மையாகச் சொல்வதற்கு எத்தனை வருஷப் பயிற்சி வேண்டும்!

அப்போது நாற்காலி நகரும் சத்தம். இரண்டாவது நாற்காலிப் பெண் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. மேனேஜர் சொன்னதைத் தானும் கேட்டதாகச் சொன்னாள். பிறகு கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் தலைவழியாகக் கழற்றினாள், நாடா காதில் மாட்டிக்கொண்டது, விடுவித்தாள், மேசைமீது வைத்தாள். "அவர் பேரோட என் பேரையும் சேத்துக்குங்க சார்."

சரிங்கவுக்குள் அந்தக் கணத்தில் என்ன நடந்தது? பொதுவாக மனசாட்சி என்ற ஒன்று குத்தியிருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். முதலில் குத்தியது அது அல்ல. தன் வசனத்தை அவள் மாற்றிவிட்டாளே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. 'எண்' என்பதுதான் சரியான சொல். 'பேர்' என்றால் அந்தக் கனம் வராது. இரண்டாவதாகப் பெருமை வந்தது: தன் எழுத்து ஓர் ஆளை எழுப்பி நிறுத்திவிட்டது. பெருமையில் முதுகுகூடச் சற்று நிமிர்ந்தது. மூன்றாவதாகத்தான் பயம் வந்தது. ஏனென்றால் அவள் இன்னும் உட்காரவில்லை. காத்துக்கொண்டிருந்தாள்.

பாவம், அவள் கதையை அப்படியே நம்பியிருந்தாள். இப்போது ஒரு கணம் மௌனம். பிறகு இன்னொருவர் எழ வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒருவர் பேனாவின் மூடியைத் திருகினார். ஒருவர் திரையில் இருந்த தலையைப் பார்த்தார். ஒருவருக்கு அவசரமாக மூக்குச் சிந்த வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் அட்டை மேசைமேல் தனியாகக் கிடந்தது. இரும்பு இல்லையே, ஓசையும் பெரிதாக வந்திருக்கவில்லை. கடைசியில் அவள் கண் சரிங்கவிடம் வந்து நின்றது. அதில் கெஞ்சல் இல்லை. அண்ணாவும் கேட்டார், அண்ணா எழுந்துவிடுவார் என்ற நிச்சயம்தான் இருந்தது.

சரிங்கவின் கை கழுத்துக்குப் போனது.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். மேனேஜரும் பார்த்தார். கை அட்டையைப் பிடித்தது. திரும்பியிருந்த அட்டையைத் திருப்பி, புகைப்படம் வெளியே தெரியும்படி நேராக்கிவிட்டுக் கீழே இறங்கியது.

"நீயும் அங்கதானப்பா இருந்த," என்றார் மேனேஜர். "நான் அப்படி ஏதாவது சொன்னேனா?"

"போன்ல ஒரே இரைச்சலா இருந்துச்சு சார்."

ஸ்பீக்கரில் வந்தது மெக்கானிக்கின் குரல். மேனேஜர் பேசியது கைக்கெட்டும் தூரத்தில் நின்று. அவர் குரலுக்கு எந்தப் போன் இரைச்சல்? யாரும் கேட்கவில்லை. திரையில் இருந்த தலை, சரி முடிச்சுடுங்க என்றது.

மெக்கானிக்கும் அந்தப் பெண்ணும் அன்றைக்கே போய்விட்டார்கள். மெக்கானிக் போகும்போது டெஸ்டரை மேசைமீது வைத்துவிட்டுப் போனார், அது கம்பெனியுடையதாம். அவள் ஹெட்போனைச் சுருட்டி வைத்தாள். சரிங்க ஒரு முக்கியமான போனில் இருந்தார். அந்த முனையில் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னார், தன் பங்கைக் கொஞ்சம் சுருக்கி. மனைவி கேட்டுக்கொண்டே துணி மடித்தார். கடைசியில், நீங்க என்ன சொன்னீங்க என்று மட்டும் கேட்டார். அவர் சொன்னார். மனைவி மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தார். 

சில நாள் கழித்து, மாளிகை விளக்கு அத்தியாயத்தின் கீழே மாலைப்புறா எழுதியிருந்தாள். உங்க கதையை நம்பி நானும் ஒருநாள் எழுந்து நின்னேன், யாரும் கூட வரல, வேலை போயிடுச்சு, அதுக்காக வருத்தமில்ல, மெக்கானிக் அண்ணனுக்கு சாட்சி சொல்ல நானாவது இருக்கேன். ஆனா ஒரு வேண்டுகோள். உங்க கப்பல்ல எல்லாரும் எழுந்துடறாங்க. எல்லாம் தெரிஞ்சும் பக்கத்துல உக்காந்தே இருப்பானே ஒருத்தன், அவன் மட்டும் உங்க கதையில இல்ல. அவனையும் எழுதுங்க.

படித்த சரிங்க இந்த முறை சிவப்பு இதயம் போடவில்லை. உங்களுக்கு நம்பிக்கை பிறக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். அவரும் அந்தக் கணத்தில் ஏதோ ஒன்றின் விளிம்பில்தான் நின்றார். போலீஸ் நிலையம் நடந்துபோகிற தூரத்தில் இருந்தது. மூன்று காதுகளில் இன்னொன்று போய்ப் பேசினால் மெக்கானிக் தப்பிவிடுவார். அவர் எழுந்தார். செருப்பைக்கூடப் போட்டுவிட்டார். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது, செருப்போடேயே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

எழுதினார். உட்கார்ந்தே இருந்த அந்த ஒருவனை எழுதினார். ஆனால் அவன் யார் தெரியுமா? கலகக்காரர்களின் மிக ரகசியமான ஒற்றன். பேரரசின் இதயத்துக்குள் பல வருஷமாக ஊடுருவி இருப்பவன். மேசையில் வில்லைகள் விழும்போது அவன் மட்டும் எழாமல் இருந்தது கோழைத்தனத்தால் அல்ல. எழுந்தால் திட்டம் பாழாகிவிடும். உள்ளுக்குள் ரத்தக் கண்ணீர் வடித்தபடி, எல்லோருடைய வெறுப்பையும் தனியாகச் சுமந்தபடி, நேரம் வருவதற்காகக் காத்திருக்கிறான். தளபதி அவனை நோக்கி, நீ என்ன கேட்டாய் என்கிறான். அவன் சொல்கிறான்: "அலைவரிசையில் ஒரே இரைச்சல், தளபதி."

என்ன செய்வது, எழுதுகிறவனால் ஒரு நல்ல வரியை வீணாக்க முடிவதில்லை.

இதுவரை அவர் எழுதியதிலேயே அதிகம் கொண்டாடப்பட்டது அந்த அத்தியாயம்தான். என்னவொரு திருப்பம் என்றார்கள். உட்கார்ந்திருப்பதும் ஒரு போராட்டமே என்று எனக்கு இன்றுதான் புரிந்தது என்று ஒருவர் எழுதினார். பலர் அதை ஆமோதித்தார்கள். ஆமோதித்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சரிங்க ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு இதயம் போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் ஒன்று, மிகச் சின்னது. மாலைப்புறாவிடமிருந்து.

"ரொம்ப இரைச்சலா இருந்துச்சா அண்ணா?"

அடுப்பங்கரையிலிருந்து மனைவி ஏதோ கேட்டார். அவர் காதில் விழவில்லை. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு, தன் இணையப் பக்கத்தில் யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்த அண்டம் முழுவதிலும் தன் ஒருவருக்குத்தான் உண்டு என்பது அவருக்கு நினைவு வந்தது. விரலை வைத்தார். அந்த வரி மறைந்தது. இன்னொரு முறை வைத்தார். மாலைப்புறா என்ற பெயரும் மறைந்தது. பேரரசர்கள் இதற்குப் படை அனுப்ப வேண்டியிருக்கும். இவருக்கு ஒரு விரலே போதுமானதாக இருந்தது.

கதை இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒற்றன் இன்னும் காத்திருக்கிறான். வாசலில் பைக்கும் அதே இடத்தில் நிற்கிறது. மெக்கானிக்கின் வழக்கு நடக்கிறது. சாட்சி சொல்ல ஒருத்தி போய் வருகிறாள். அவளைப் பற்றி இதற்குமேல் புகழ்ந்து சொன்னால் அதுவும் கதையாகிவிடும். போய் வருகிறாள், அவ்வளவுதான்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஓர் ஆள் ஞாபகத்துக்கு வந்திருப்பார். இது அவரேதான் என்று தோன்றியிருக்கும். அவருக்கு அனுப்பலாமா என்று விரல் துறுதுறுக்கும். அனுப்புங்கள், அவரும் படித்துவிட்டு உங்களை நினைத்துச் சிரிக்கட்டும். ஆனால் ஒன்று. சரிங்கவின் மேல் உங்களுக்கு இவ்வளவு நேரம் நல்ல கோபம் வந்ததல்லவா? ஒரு கோழையை மனத்துக்குள் நன்றாக நான்கு வார்த்தை கேட்டுவிட்ட திருப்தி, ஏதோ ஒரு நியாயத்தின் பக்கம் நின்றுவிட்ட மாதிரி ஒரு லேசான நிமிர்வு, முதுகில் தெரிகிறதா? அவருக்கும் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் அதே இடத்தில்தான் நிமிர்ந்தது.

நாளைக்கு உங்கள் மேசையிலும் யாராவது எழுந்து நிற்கலாம். அப்போது உங்கள் கை தானாகக் கழுத்துக்குப் போகும். அதில் சந்தேகம் வேண்டாம். எதற்குப் போகிறது என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.